பழைய முகவரியும் புதிய முகவரியும்

கொட்டகலையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மவுண்ட் வேர்னன் என்றெல்லாம் பெயர்கள் வழங்குகின்றன. பிரித்தானியத் துரைமார் காலத்துப் பெயர்கள் அவை. அத்துரைமார் போயினர். 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமை மாறிற்று, நிருவாகம் மாறிற்று, தோட்டப் பெயர்கள் மட்டும் மாறவில்லை.

இதற்குக் காரணம் வெறும் பழக்கம் மட்டும் அன்று. 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. அங்கே தேயிலை அதன் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ உரிய பெயர்க் குறியோடு விற்பனைக்கு வருகிறது. பல ஆண்டுகள் ஒரே குறியின்கீழ் நல்ல தேயிலையைக் கண்டு பழகிய வணிகர், அக்குறியைக் கண்டதும் அதன் தரத்தை மதிப்பிடுகின்றனர். பெயரை மாற்ற ஒரு நாள் போதும். பழைய பெயரின்மேல் ஏறியிருக்கும் நம்பிக்கையைப் புதிய பெயருக்குக் கொண்டுசெல்ல ஒரு நாள் போதாது.

நாட்டின் பெயரிலும் இதைக் காணலாம். 1972 மே 22ஆம் நாள் நாடு குடியரசாயிற்று. ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயர் ‘ஸ்ரீலங்கா’ ஆயிற்று. எனினும் இந்நாட்டுத் தேயிலை உலகச் சந்தையில் இன்றும் ‘சிலோன் டீ’ என்றே விற்கப்படுகிறது. உலகம் அறிந்த பெயரைக் கைவிடாமல் காத்துக்கொண்டமை ஆழ்ந்த வணிக அறிவாகும். தமிழில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. நாட்டின் பெயர் முன்னும் இலங்கை, பின்னும் இலங்கை. வானொலி நிலையம் 1967ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனமாகி, 1972ஆம் ஆண்டில் மீண்டும் ஆங்கிலப் பெயர் மாறியபோதும், தமிழ் நேயர்களுக்கு அஃது இலங்கை வானொலியாகவே இருந்தது.

பெயரையும் முகவரியையும் பற்றிய இந்தப் பழைய உண்மை, இன்று இணையத்தளங்களை நடத்துவோர்க்கு முதற்பாடமாக அமையத் தக்கது. பாடசாலை, நூலகம், சங்கம், கூட்டுறவுக் கடை, கோயில் அறங்காவற் சபை என எல்லா அமைப்புகளும் இணையத்தளம் வைத்துக்கொள்ளும் காலம் இது. தளத்திலுள்ள பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிகளைத் திருத்தி அழகுபடுத்த வேண்டும் என்னும் ஆசை ஒரு நாள் எழுகிறது. அந்நாளில் செய்யப்படும் பிழை, பல ஆண்டுகள் தேடிய நற்பெயரை ஒரே இரவில் அழித்துவிடக்கூடும். அப்பிழை நேராமல் திருத்தம் செய்வது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்க பொருள்.

முதலில், திருத்த வேண்டிய தேவை ஏன் வருகிறது? கொட்டகலைப் பகுதியில் ஒரு பாடசாலை இருப்பதாகக் கொள்வோம். அதன் பழைய மாணாக்கர் சிலர் சேர்ந்து ஒரு தளத்தை அமைக்கின்றனர். கடந்த காலப் பரீட்சை வினாத்தாள்கள், ஆண்டு மலர்கள், பாடசாலை வரலாறு ஆகியன அதில் ஏறுகின்றன. தளத்தை ஆக்கிய மென்பொருள், பக்கங்களுக்குத் தானே முகவரி இடுகிறது. ஒரு கேள்விக்குறி, ஒரு சமன்குறி, அதன்பின் 417 என்பது போன்ற ஓர் எண். இத்தகைய முகவரியைக் காண்பவர்க்கு உள்ளே இருப்பது வினாத்தாளா வாழ்த்து மடலா என்பது விளங்காது. வாயாற் சொல்லவும் இயலாது. கரும்பலகையில் எழுதிப் போடவும் இயலாது. ஆகவே, எண்ணை நீக்கிவிட்டு ‘வினாத்தாள், கணிதம்’ என்பது போன்ற பொருள் விளங்கும் சொற்களை இடலாம் என்று நினைக்கின்றனர். அந்த நினைப்பு நல்லதே.

ஆனால் அந்த எண் முகவரி வெறும் எண்ணாக இருந்துவிடவில்லை. ஹற்றனிலுள்ள ஓர் ஆசிரியர் தம் மாணாக்கருக்கு அதை அனுப்பியிருப்பார். வேறொரு தளம் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கும். ஒரு நூலின் அடிக்குறிப்பில் அஃது அச்சேறியிருக்கும். தேடுபொறியும் அதைத் தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கும்.

தேடுபொறி ஒரு பக்கத்தை முன்னே வைப்பதும் பின்னே வைப்பதும் பல அளவைகளைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றன. அவற்றுள் பழையதும் புகழ் பெற்றதுமான ஒன்றை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். ஒரு பக்கத்துக்குப் பிறர் தரும் இணைப்பை அவர்கள் ஒரு சான்றாகக் கொண்டனர். சான்று தருவோர் பலராயின் மதிப்புக் கூடும். சான்று தருபவர் தாமே மதிப்புடையவராயின் இன்னும் கூடும். இச்சான்றுகள் அனைத்தும் முகவரியின் பெயரிலேயே பதிவாகின்றன. முகவரியை அழித்துவிட்டால் சான்றுகளுக்கு உரியவர் இல்லாமற் போகிறார். அதே பக்கம் புதிய முகவரியில் நின்றாலும், முன்பின் அறியாத புதியவராகவே அது கருதப்படும்.

இதற்கு மாற்று, இணையத்தின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. பக்கங்களைச் சேமித்து வைத்துக் கேட்டவர்க்கு அனுப்பும் கணினியை வழங்கி என்பர். வழங்கி தன் விடையோடு மூன்று இலக்க எண் ஒன்றையும் சொல்லும். 200 என்றால், கேட்டது இங்கே உள்ளது என்று பொருள். 404 என்றால், அப்படி ஒன்று இங்கே காணப்படவில்லை என்று பொருள். 410 என்றால், அது நீக்கப்பட்டுவிட்டது. 302 என்றால், தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது. 301 என்றால், நிலையாக இடம் மாறிவிட்டது, புதிய முகவரி இது என்று பொருள். பழைய முகவரியைத் தேடி வருபவர்க்கு 301 என்னும் விடையைத் தருமாறு வழங்கியை அமைத்துவிட்டால், வந்தவர் தாம் அறியாமலே புதிய பக்கத்தைச் சென்றடைவார். தேடுபொறியும் பழைய முகவரிக்குரிய சான்றுகளைப் புதியதன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இத்தகைய வழிமாற்றால் இணைப்புகளின் மதிப்புக் குறைவதில்லை என்று கூகுள் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தினர்.

வானொலி நேயர்களுக்கு இம்முறை புதியதன்று. ஒரு நிலையம் தன் அலைவரிசையை மாற்ற நேரும்போது, அச்செய்தியைப் பழைய அலைவரிசையிலேயே பலமுறை அறிவிக்கிறது. புதிய அலைவரிசையில் மட்டும் அறிவித்தால், ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்தவர்களே அதைக் கேட்பர். அறிய வேண்டியவர்கள் அறியமாட்டார்கள். பழைய இடத்தில் நின்று புதிய இடத்தைக் காட்ட வேண்டும். முகவரித் திருத்தத்தின் அடிப்படை விதி இதுவே.

இவ்விதியைப் பின்பற்றுவோரும் சில இடங்களில் தவறுகின்றனர். அவற்றுள் பெரிய தவறு, பழைய பக்கங்கள் அனைத்தையும் தளத்தின் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது. இதன் தீமை மலையக மக்களுக்கு எளிதில் விளங்கும். லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டக் கந்தோரில் வந்து குவிவதும், அங்கிருந்து உரியவர் கையைச் சேரப் பிந்துவதும், சில வேளை சேராமலே போவதும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் குறை. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்தால் அதனாற் பயன் யாது? கணித வினாத்தாளைத் தேடி வந்த மாணவியை முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் அத்தகையதே. தேடுபொறியும் இதை நேர்மையான வழிமாற்றாக ஏற்பதில்லை. பக்கம் காணப்படவில்லை என்றே பெரும்பாலும் கருதிவிடுகிறது. ஆதலால் கணித வினாத்தாளின் பழைய முகவரி, கணித வினாத்தாளின் புதிய முகவரிக்கே செல்ல வேண்டும். ஒத்த பக்கம் ஒன்றும் இல்லையெனில், இல்லை என்று சொல்லிவிடுவதே நேர்மை.

இரண்டாவது தவறு, வழிமாற்றின்மேல் வழிமாற்றை அடுக்குவது. முதல் முகவரி இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும், மூன்றாவது நான்காவதற்கும் அனுப்புமாயின், வருபவர் காத்திருந்து சலிப்பார். கூகுளின் தேடல் இயந்திரம் பத்துப் படி வரை பின்தொடரும்; அதற்குமேல் நின்றுவிடும். ஆகவே திருத்தத்தை இரண்டாம் முறை செய்வோர், முதல் முகவரியையும் இறுதி முகவரிக்கே நேராகத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது தவறு, பலகையை விரைவிலே கழற்றிவிடுவது. வழிமாற்றைக் குறைந்தது ஓர் ஆண்டேனும் வைத்திருக்குமாறு கூகுள் அறிவுறுத்துகிறது. ஓர் ஆண்டு என்பது தேடுபொறிக்குப் போதும், மனிதர்க்குப் போதாது. நூலில் அச்சான முகவரி, நூல் உள்ளவரை இருக்கும். வழிமாற்றை வைத்திருக்க ஆகும் செலவு மிகச் சிறிது. ஆதலால் தளம் உள்ளவரை அதைக் காத்தல் நன்று.

திருத்தத்தைத் தொடங்குமுன் செய்யவேண்டியன சில உள. பழைய முகவரிகள் அனைத்தையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ள வேண்டும். வழங்கியின் பதிவேட்டில் எந்தெந்தப் பக்கங்களை மக்கள் கேட்கிறார்கள் என்பது தெரியும். கூகுள் இலவசமாகத் தரும் தள மேற்பார்வைக் கருவியிலும் அது கிடைக்கும். மறந்துபோன முகவரிகளை, 1996ஆம் ஆண்டு முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்தில் தேடலாம். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் எதிரே அதன் புதிய முகவரியை எழுதிய பின்னரே வழங்கியில் கை வைக்க வேண்டும். மாற்றம் நடந்த அன்றே, தளத்தின் உட்பக்கங்களில் உள்ள இணைப்புகளைப் புதிய முகவரிகளுக்கு மாற்ற வேண்டும். தேடுபொறிக்கு அளிக்கும் தளவரைபடத்தையும் புதுப்பிக்க வேண்டும். பழைய முகவரிகளைத் தேடுபொறி அணுகாதவாறு தடுத்துவிடவும் கூடாது. தடுத்தால் வழிகாட்டும் பலகையை அது காணவே காணாது. இவ்வளவும் செய்தபின் சில வாரங்கள் வரிசையில் ஏற்ற இறக்கம் தோன்றலாம். அதைக் கண்டு அஞ்சி மீண்டும் முகவரியை மாற்றுவது, நட்ட நாற்றைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பது போலாகும்.

ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருப்பதும் உண்டு. மறைகுறியாக்கத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. பெயருக்கு முன் மூன்று ‘டபிள்யூ’ எழுத்துகளோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இவ்வாறு முகப்பு ஒன்றுக்கே நான்கு வாயில்கள் அமைந்துவிடுகின்றன. மலையகத்தில் ஒரு தோட்டத்துக்குத் துரையின் ஏட்டில் ஒரு பெயரும், மக்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்கியதை முதியோர் அறிவர். பெயர் இரண்டாயினும் தோட்டம் ஒன்றே என்பதை அவ்வூரார் அறிவர், அயலார் அறியார். தேடுபொறி அயலாரைப் போன்றது. ஆதலின், இவற்றுள் முதன்மையான முகவரி இதுவென்று பக்கத்திலேயே குறித்துவைக்கும் முறையை, 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒருங்கே ஏற்றுக்கொண்டன. பழைய முகவரியை மூட முடியாத இடங்களில் இக்குறிப்புப் பெரிதும் உதவும்.

தமிழில் தளம் நடத்துவோர்க்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கொட்டகலை என்னும் சொல்லில் ஐந்து எழுத்துகள் இருக்கின்றன. கணினி அதை எட்டுக் குறியீடுகளாகப் பிரித்து வைக்கிறது. முகவரியில் இடும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் நூற்றுவீதக் குறியோடு கூடிய மூன்று அடையாளங்களாக மாறும். ஐந்து எழுத்துச் சொல் இவ்வாறு 72 அடையாளங்களாக நீண்டுவிடுகிறது. உலாவியின் மேற்பட்டையில் தமிழாகத் தோன்றும் முகவரி, நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டும்போது பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. நீண்ட தலைப்பு முழுவதையும் முகவரியாக்கினால் அது பாதியில் முறிந்து, சென்றடையாமற் போவதும் உண்டு.

இன்னொரு நுட்பமும் உளது. ‘கொ’ என்னும் எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறுவேறு முகவரிகள். எழுத்துக்கூட்டலிலும் இவ்வாறே வேறுபாடு உண்டு. ஹற்றன், ஹட்டன், அட்டன் என ஓர் ஊரின் பெயர் மூவகையாக எழுதப்படுகிறது.

இதற்காகத் தமிழ் முகவரியைக் கைவிட வேண்டுவதில்லை. தேடுபொறி தமிழ்ச் சொற்களை நன்கு அறியும். 2010ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ என்றே முடியும் தமிழ் முகவரிகளைப் பெறவும் வழி ஏற்பட்டுள்ளது. முகவரியை இரண்டு மூன்று சொற்களில் சுருக்கமாக வைத்து, ஒரே குறியீட்டு முறையைக் கடைப்பிடித்தால் போதும். எழுத்து வேறுபாட்டை எவ்வாறு ஆளுவது என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியா நல்ல எடுத்துக்காட்டு. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில், கட்டுரையின் தலைப்பை வேறொன்றுக்கு நகர்த்தினால், பழைய தலைப்பு வழிமாற்றாக நிற்பதே வழக்கம். எவ்வகையாக எழுதித் தேடினாலும் படிப்பவர் ஒரே கட்டுரையைச் சென்றடைய அதனால் வழி உண்டாகிறது. வழிமாற்று என்னும் இனிய தமிழ்ச் சொல் அங்கே நாள்தோறும் வழங்குகிறது.

இவையெல்லாம் கணினி வல்லுநர்க்கு மட்டும் உரிய சிறு காரியங்கள் என்று எண்ணுதல் ஆகாது. முகவரி அழிந்தால் முதலில் இழப்பவர் யார் என்று சிந்திக்க வேண்டும். நகரத்து மாணவனுக்கு நூலகம் உண்டு; தனி வகுப்பு உண்டு; ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று திறக்கும். தோட்டத்து மாணவிக்குக் கைத்தொலைபேசியில் வரும் அந்த ஒரு பக்கமே நூலகம். ஆசிரியர் அனுப்பிய முகவரியில் 404 என்னும் எண் தோன்றினால், அவள் தேட வேறிடம் அறியாள்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்கீழ் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அதன்படி சென்றோருள் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி ஆகிய பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம், பாட்டன் வாயாற் கேட்ட ஒரு தோட்டப் பெயரைத் தவிர வேறு சான்று இல்லாமலிருக்கலாம். அப்பெயரைக் கொண்டு அவர்கள் தேடும்போது, அங்கே படித்தவர்களின் பெயர்ப் பட்டியலோ, பழைய ஆண்டு மலரோ, ஒரு நிழற்படமோ கிடைக்குமாயின் அறுந்த உறவு மீண்டும் ஒட்டும். அந்தப் பக்கம் தளத்தில் இருந்தும் முகவரி மாறியதால் காணக் கிடைக்காது போகுமாயின், அதை இழப்பு என்றுகூட அவர்கள் அறியமாட்டார்கள். இருந்தது என்று தெரிந்தாலன்றோ இழந்தது தெரியும்?

நிருவாக மாற்றங்கள் இன்னும் வரும். நுவரெலியாப் பிரதேச சபையின் பகுதியாக இருந்த கொட்டகலை தனிப் பிரதேச சபையாகி, 2018 பெப்ரவரியில் அதற்கெனத் தேர்தலும் நடைபெற்றது. இத்தகைய மாற்றங்களின்போது அலுவலகத்தின் பெயர்ப் பலகை மாறும். கடிதத் தலைப்பு மாறும். இணைய முகவரியும் மாற நேரும். அவ்வேளையில் பழைய முகவரிக்கு வருவோரை ஏற்று அனுப்பும் பொறுப்பை யாரேனும் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைத்தல் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலை எவராலும் செய்யப்படாமற் போவது உலக வழக்கு.

இறுதியாக ஒன்று. முகவரியிலுள்ள சொற்களால் தேடுபொறியில் கிடைக்கும் ஏற்றம் மிகச் சிறிது. அழகின்மை ஒன்றையே காரணமாகக் கொண்டு, நன்கு பயன்படும் பழைய முகவரிகளை மாற்றுதல் பெரும்பாலும் வேண்டாத வேலை. உலகளாவிய வலையை வகுத்தளித்த டிம் பேர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாதது என்னும் கருத்தை 1998ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தி எழுதினார். ஆகவே புதிய பக்கங்களுக்கு முதல் நாளிலேயே ஆண்டுக் கணக்கில் நிற்கத்தக்க, சுருக்கமான, பொருள் விளங்கும் முகவரியை இடுக. பழையவற்றை இயன்றவரை அப்படியே விடுக. மாற்றியே ஆக வேண்டுமெனில், பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு நேர்வழி அமைத்து, அவ்வழி திறந்திருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் சென்று பார்த்து வருக. பழைய முகவரியை நம்பி வருபவர் ஒருவரேயாயினும், அவரும் வழி தவறாமல் வந்து சேர வேண்டும்.